முதல் கட்டம் மூத்தவளுக்கு

ஜனவரி 6

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. அட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடம் போட்டிருக்கிறது. அது இன்னும் கட்டவில்லை, கட்டப் போகிறார்களாம். எதிர் லைனில் இருக்கும் என் தங்கை தெய்வானைக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவளுடையதில் பக்கத்துக்கு அடையாளம் வைக்கச் சிவப்பு நாடா தொங்குகிறது. என்னுடையதில் இல்லை. கொண்டுவந்து கொடுத்த கம்பெனிப் பெண் ஷர்மிளாவிடம் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் பாட்டி, உங்களோடது அறுந்திருக்கும்" என்றாள். என்னுடையது மட்டும் எப்படி அறுகிறது?

எழுதி வைத்துத்தான் எனக்கு ஞாபகம் வர வேண்டும் என்பதில்லை. யார் என்னிடம் எந்த வெள்ளிக்கிழமை எந்தச் சேலை கட்டிக்கொண்டு என்ன சொன்னார்கள் என்று இப்போதும் சொல்வேன். எழுதுவது மற்றவர்களுக்காக. நாளைக்கு ஒருத்தரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று புரட்டக் கூடாது.

ஜனவரி 9

இந்த இடம் முன்பு நூல் மில். நாங்கள் அக்கா தங்கை, அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தோம். புருசன்மார் இருவருக்கும் இதே மில்லில் வேலை. இன்றைக்கு இருவரும் இல்லை, மில்லும் இல்லை. கம்பெனிக்காரர்கள் வாங்கிப் பழைய குடோன்களில் கம்ப்யூட்டர் வைத்து ஆபீஸ் நடத்துகிறார்கள். மில் கொடுத்த லைன் வீடுகளில் இருப்பவர்களை வெளியே தள்ளக் கூடாது என்று மில்லை விற்றபோதே பேச்சு. கிழக்கு லைனில் நான், மேற்கு லைனில் அவள். நடுவில் ஒரு சந்து, ஒரு குழாய். என் வாசலில் நின்றால் அவள் அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியும்.

இப்போது எல்லாவற்றையும் இடித்துக் கட்டப் போகிறார்கள். இன்றைக்கு நோட்டீஸ் வந்தது. பேத்தி தாரணிதான் படித்தாள். பொள்ளாச்சியில் இருக்கும் என் மகளுடைய பெண். இந்த வளாகத்திலேயே வேலை, தங்குவது என்னோடு.

"அம்மாயி, மொத்தம் மூணு கட்டம். பெயின்ட் அடிச்சு நிக்குதே அஞ்சு மாடி, அது மொதக் கட்டம். அதுல மேற்கு லைன்காரங்க குடி போறாங்க. அப்புறம் மேற்கு லைனை இடிச்சு ஆபீஸ் கட்டுவாங்க, அது ரெண்டாம் கட்டம். அதும்பின்னால இன்னொரு வீட்டு பிளாக். கிழக்கு லைன் அதுல. மூணாம் கட்டம்."

"அது எப்ப?"

"எட்டு வருஷம்னு போட்டிருக்காங்க."

எனக்கு எழுபத்தைந்து. கூட்டிப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. தாரணியும் கூட்டிவிட்டாள். நோட்டீஸை மடித்தாள்.

தெய்வானைக்கு அறுபத்தெட்டு. அவளுக்கு இந்த வருசமே லிப்ட்.

ஜனவரி 10

எதிர் வீட்டில் பாத்திரம் ஒதுக்குகிற சத்தம். வேண்டுமென்றே போடுகிற சத்தம்.

ஜனவரி 14

பொங்கல். இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில்தான் அடுப்பு மூட்டினோம். அவளுடையது முதலில் பொங்கிற்று. சின்னப் பானை, பொங்கத்தான் செய்யும். அவள் குலவை போட்டதற்குச் சந்தே திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். தாரணி அதைத்தான் இரண்டாவது தரம் போட்டுச் சாப்பிட்டாள். என்னுடையதில் ஏலக்காய் குறைச்சலாம்.

அம்மா கச்சாயம் சுட்ட காலத்திலிருந்து இதே கதை. பெரியது அவளுக்கு, கருகியது எனக்கு. "நீ மூத்தவ, விட்டுக்குடு கண்ணு" என்பாள் அம்மா. படுக்கும்போதும் ஜன்னல் ஓரம் அவளுக்குத்தான். அங்கேதான் அம்மா படுப்பாள். நான் கதவோரம்.

ஜனவரி 22

கோயில் வாசல் ஜோசியரிடம் நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜாதகம் எங்கீங்க?"

"இதுதானுங்க. கம்பெனில கட்டம் போட்டுக் குடுத்திருக்கறாங்க. எந்தக் கட்டம் நல்லதுன்னு சொல்லுங்க."

"பன்னெண்டு வேணுமே, மூணுதான இருக்குது?"

"அவ்வளவுதான் குடுத்தாங்க."

அவருக்கும் அன்றைக்கு வேறு ஆள் வரவில்லை போல. சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னார். "மொதக் கட்டம்னா லக்கினமுங்க. அவிங்கவிங்க உசுரு, ஒடம்பு, மருவாதி எல்லாம் அங்கதான். ரெண்டாவது குடும்பம், வாக்கு. மூணாவது..." அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"இளைய சகோதர ஸ்தானமுங்க. தம்பி, தங்கச்சி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் கொண்டுபோய்த் தங்கச்சிக் கட்டத்தில் போட்டுவிட்டு, தங்கச்சியை என் கட்டத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ. இத்தனை படித்தவர்கள் ஒரு ஜோசியரைக் கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 3

குழாயடியில் அவள் குடம் எனக்கு முன்னால் இருந்தது.

"நகத்து. லிப்டுக்குப் போறவளுக்கு இங்க என்ன தண்ணி?" என்றேன்.

"லிப்டுல தண்ணி வராதுக்கா, ஆள்தான் வரும்" என்கிறாள். குழாயடியே சிரித்தது. எகத்தாளம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. நான் குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன். பிறகு அவளே என் குடத்தையும் நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

பிப்ரவரி 12

இன்றைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். பழைய மில் கேன்டீனில் நாற்காலி போட்டிருந்தார்கள். நகரமைப்பு அதிகாரி ஒருத்தர் வந்திருந்தார், நல்ல நிதானமான மனிதர். சுவரில் பெரிய படம் தொங்கியது. மேற்கு லைன் மஞ்சள், கிழக்கு லைன் பச்சை. இரண்டுக்கும் நடுவில் போன கோடு எங்கள் குழாய்மேலேயே போகிறது.

பார்க்கிங் பற்றி ஒருத்தர் பேசினார், மரம் வெட்டுவது பற்றி ஒருத்தர். பிறகு நான் எழுந்தேன். தாரணி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தேன்.

"ஐயா, நான் கிழக்கு லைன் மாராத்தாள். எனக்கு மூணாங் கட்டம் வேண்டாமுங்க. மொதக் கட்டம் மூத்தவளுக்குச் சேர வேண்டியதுங்க. அது லக்கினமுங்க. அதுல என்ற தங்கச்சி உக்காந்திருக்கறா."

அதிகாரி படத்தைப் பார்த்தார். ஷர்மிளா பக்கம் சாய்ந்து, "லக்கினம் எந்த பிளாக்ல வருது?" என்று கேட்டார். அவளும் விரலை வைத்துத் தேட ஆரம்பித்தாள். கடைசியில் தாரணிதான் முகம் சிவந்துபோய் எழுந்து, "சார், அம்மாயி ஜாதகக் கட்டத்தைச் சொல்றாங்க" என்றாள். கேன்டீன் முழுக்கச் சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்துவைத்திருக்கிறேன்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, இது வேலை நடக்கிற கட்டம். லைன் லைனாத்தான் காலி பண்ண முடியும். மேற்கு லைன்ல யாராவது சம்மதிச்சு வீடு மாத்திக்கிட்டா நான் எழுதித் தரலாம். அப்படி யாரு..."

"நான் மாத்திக்கறனுங்க."

தெய்வானை எழுந்து நின்றாள். மைக்கைக்கூட வாங்கவில்லை, அவளுக்கு எப்போதும் குரல் பெரியது. "எங்கக்காளுக்கு என்ற பங்கைக் குடுத்துருங்க. நான் அவ வூட்ல இருந்துக்கறேன். எனக்கு அவசரமில்லீங்க."

கை தட்டினார்கள். என் பேச்சுக்குச் சிரித்த அதே கூட்டம் அவள் பேச்சுக்குக் கை தட்டிற்று. ஷர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு எனக்கு, பேர் அவளுக்கு.

வருகிற வழியில் கேட்டேன். "எட்டு வருசம் யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள நீ போயிட்டீன்னா?"

"நான் எங்க போறேன்? நான் போயிட்டா நீ யாரைப் பாத்து வயிறெரிவே?" என்றாள்.

பிப்ரவரி 13

மூன்று பேர் வீடு தேடி வந்து, தங்கச்சி மனசு தங்கம் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். காபி கொடுக்கவில்லை.

மார்ச் 5

மாற்றுச் சம்மதத்தில் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனோம். அவள் "அ.தெய்வானை" என்று ஒரே இழுப்பில் போட்டாள், வாலெல்லாம் சுழித்து. நான் ஒவ்வொரு எழுத்தாக வைத்து முடிப்பதற்குள் அந்தக் கிளார்க் இரண்டு தரம் கொட்டாவி விட்டான்.

அவள் எட்டாம் வகுப்பு. நான் மூன்று. அது ஏன் மூன்று என்று யாரும் கேட்பதில்லை. அம்மா எங்கள் ஊர் மில்லுக்குப் போக வேண்டும், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். சிலேட்டை வாங்கி வைத்துவிட்டு இவளை என் இடுப்பில் ஏற்றினார்கள். யார் கேட்டாலும் போக மாட்டாள், கீழே விட்டாலும் அழுவாள். நடக்க வந்த பிறகும் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்து வேலியோரம் இவளைத் தூக்கிக்கொண்டு நின்று உள்ளே அவர்கள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்பேன். இவள் என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்குவாள். பிறகு அதே பள்ளிக்கூடத்துக்கு நான்தான் இவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

மூன்றுக்கும் எனக்கும் ஆகாது. அதனால்தான் மூன்றாம் கட்டம் வேண்டாம் என்றேன். இதை மைக்கில் சொல்லவா முடியும்?

மே 4

குடி போயாயிற்று. நாலாம் மாடி. பால்கனி இருக்கிறது, ஜன்னலில் கொசுவலை இருக்கிறது, சமையலறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது.

கிழக்கு லைனில் நான் கடைசிச் சட்டியை எடுப்பதற்குள் அவள் தன் அடுப்பை என் வீட்டில் வைத்துவிட்டாள். வடக்குப் பார்த்து! அந்த மூலையில் காற்று அடிக்கும், அடுப்பு அணைந்து அணைந்து போகும் என்று சொன்னேன். "நீ போக்கா, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். என் வீட்டில் நின்றுகொண்டு என்னையே போகச் சொல்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் என் துளசி சாய்ந்திருந்தது. டைரி நாடாவை அறுத்து அதைக் குச்சியோடு கட்டியிருக்கிறாள். எனக்கில்லாத நாடாவைச் செடிக்குக் கட்டுகிறாள்.

மே 19

இன்று யாரோடும் பேசவில்லை. தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஜூன் 17

மேற்கு லைனை இடித்தார்கள். பால்கனியிலிருந்து பார்த்தேன். மஞ்சள் இயந்திரம் ஒவ்வொரு வீடாகக் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. தெய்வானை வீட்டுச் சுவர் விழுந்தபோது உள்ளே நீலச் சாயம் தெரிந்தது. அது அவள் கல்யாணமாகி வந்த வருசம் அடித்தது. என் வீட்டுக்கு வெறும் சுண்ணாம்பு.

அவள் என் வாசல்படியில் நின்று பார்த்தாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையாகத்தான் இருக்கும். அங்கே நிழல் இல்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. புது குக்கர் சரியில்லை.

ஜூன் 18

கீழே போய் அவளுக்கு ஒரு தூக்கில் ரசம் சாதம் கொடுத்துவிட்டு வந்தேன். மீந்துபோயிற்று, கொட்ட மனசில்லை. சுற்றிலும் தகரம் அடைத்துவிட்டதால் பெரிய கேட் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்கிறது.

ஜூலை 11

இப்போது கிழக்கு லைன் பெண்கள் எல்லோரும் என் வாசலில்தான் உட்கார்கிறார்கள். நான் இருந்தவரை ஒருத்தி வந்து உட்காரவில்லை. நேற்று அவரைக்காய் உரித்தார்கள், இன்றைக்குப் பல்லாங்குழி. சிரிப்புச் சத்தம் நாலாம் மாடி வரைக்கும் வருகிறது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, அதுதான் ஆத்திரம்.

தாரணி ஆபீஸ் விட்டால் நேரே அங்கே போகிறாள். "சின்னம்மாயி தோசை ஊத்துனாங்க" என்று ஏப்பம் விட்டுக்கொண்டு வருகிறாள். என் அடுப்பு மூலை, என் கறிவேப்பிலை, என் பேத்தி.

"அவ்வளவு பொறாமைன்னா நீயும் வா அம்மாயி" என்றாள்.

"எனக்கென்ன பொறாமை? லிப்ட் இருக்கறவளுக்கு?"

ஆகஸ்ட் 2

அவள் காலையில் வாசல் தெளிக்கவில்லை. வெயில் ஏறியும் கதவு திறக்கவில்லை. நான் சேலையைக்கூடச் சரியாகக் கட்டாமல் லிப்டில் இறங்கி, கேட்டைச் சுற்றி ஓடினேன். கதவைத் தட்டினால், தலையில் எண்ணெய் வழிய வந்து திறக்கிறாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலாம்.

"என்னக்கா, மூச்சு வாங்குது?"

"கறிவேப்பிலை பறிக்க வந்தேன்" என்றேன். பறித்துக்கொண்டுதான் வந்தேன்.

செப்டம்பர் 16

இரண்டாம் கட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். அதே கேன்டீன், அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். படத்தில் இந்தத் தடவை ஊதா நிறத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தது. பதினான்கு மாடி ஆபீஸ். அது எங்கே வருகிறது என்று தாரணியைக் காட்டச் சொன்னேன். என் பால்கனிக்கும் கிழக்கு லைனுக்கும் நடுவில்.

ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் போனேன். தாரணி முந்தானையைப் பிடிக்கவில்லை.

"ஐயா, இந்தக் கட்டடம் என்ற ஜன்னலை மறைக்குதுங்க."

"வெளிச்சம், காத்து ரெண்டும் அளந்து பார்த்தாச்சும்மா. விதிப்படி இடம் விட்டிருக்காங்க. உங்களுக்கு ஒரு குறையும் வராது."

"வெளிச்சம் யாருக்கு வேணும்? இது வந்துட்டா அவ என்ன பண்றான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, மைக்கில் சொல்லிவிட்டேன் என்று. போன தடவை சிரித்தவர்களைத் தேடினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் தெய்வானை தலையைக் குனிந்து சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். உச்சந்தலை முழுக்க வெளுத்திருந்தது. அத்தனை வெளுத்ததை நாலாம் மாடியிலிருந்து நான் பார்த்திருக்கவில்லை.

இனி மறைத்து என்ன? மிச்சத்தையும் சொன்னேன். "அவ அங்க ஒத்தையில இருந்துக்கிட்டு என்ற அடுப்பு மூலையைக் கெடுக்கறா. துளசிக்கு நாடா கட்டறா. கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டு எண்ணெய் தேய்க்கறா. வழுக்கி வுழுந்தா யாருக்குங்க தெரியும்? வாசல் நிறைய ஆள் வேற. எனக்குப் பொறுக்கலீங்க. அவளைத் தூக்கி என்ற வூட்ல போடுங்க. கண் முன்னால இருந்தா நாலு வார்த்தை சொல்லி அடக்கலாம்."

ஷர்மிளா எதையோ புரட்டிப் பார்த்து, ஒரு வீட்டில் இரண்டு பேர் பெயரைச் சேர்க்கலாம் என்றாள். தெய்வானையின் மூன்றாம் கட்டத்துப் பங்கும் போகாதாம். அதிகாரி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, லக்கினத்துல ரெண்டு கிரகம் இருக்கலாமா?"

"இருந்தாச் சண்டை போடுமுங்க. போட்டாப் போடட்டும்."

அப்போதுதான் கேன்டீன் சிரித்தது. இந்தச் சிரிப்பை நான் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அவளைக் கேட்டார். அவள் உடனே சரி என்பாள், மறுபடியும் கை தட்டு வாங்குவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்றாள். முறுக்கின சேலை நுனியை விடவில்லை. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ.

"வர்றனுங்க. ஆனா ஜன்னல் ஓரம் எனக்கு வேணும்னு எங்கக்காகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

"அது மட்டும் நடக்காது" என்று மைக்கிலேயே சொன்னேன்.

செப்டம்பர் 17

பெரிய கட்டிலை எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு ஓரம் ஜன்னலாகவும் ஒரு ஓரம் கதவாகவும்தான் வருகிறது. தாரணி அறையை அளந்துகூடப் பார்த்துவிட்டாள். நான் மூத்தவள். முதல் கட்டம் என்னுடையது. லக்கினத்தில் எனக்குத்தான் ஜன்னல்.

செப்டம்பர் 28

வந்துவிட்டாள். ஒரு பெட்டி, தன் அடுப்பு, ஒரு தொட்டியில் என் துளசி, நாடாவோடு. கிழக்கு லைன் பெண்கள் கேட்வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். என்னை ஒருத்தரும் அனுப்பவில்லை.

லிப்டில் கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பயமாம். இவ்வளவு நாள் அவசரமில்லை என்று பிகு பண்ணினதெல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது. நாலாம் மாடி வந்து கதவு திறந்த பிறகும் விடவில்லை.

செப்டம்பர் 29

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. என் சமையலில் ஏலக்காய் குறைச்சல் என்கிறாள், சாம்பாருக்கு!

தெய்வானை தூங்குகிறாள். ஜன்னல் ஓரம்.